பல்லின் படலமும் குழாயின் படலமும்

இரத்தோட்டையிலிருந்தோ எல்கடுவையிலிருந்தோ காலைப் பேருந்தில் மாத்தளை நகருக்கு வந்திறங்கும் கூட்டத்தில், வீங்கிய கன்னத்தைத் துணியால் கட்டிக்கொண்ட ஒருவரையேனும் காணாதிருத்தல் அரிது. இரவு முழுவதும் கிராம்பும் உப்பும் வைத்துப் பார்த்து, அரை நாள் சம்பளத்தை இழந்து, வேறு வழியில்லாமல் புறப்பட்டு வந்தவர் அவர். பல் வைத்தியரின் சாய்ந்த நாற்காலியில் அமர்ந்து வாயைத் திறந்தபின் அவர் கண் ஊசியைப் பார்க்கும், குறட்டைப் பார்க்கும். அவை கொதிநீராவியில் சுத்தம் செய்யப்பட்டனவா என்று கேட்கும் துணிவும் இன்று சிலருக்கு உண்டு. ஆனால், சுழலும் துளைகருவியின் நுனியிலிருந்து தம் வாய்க்குள் பீறிடும் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர் எவருமிலர். நீர்தானே! நீரைப் பற்றி ஐயுறுவதற்கு என்ன இருக்கிறது?

ஐயுறுவதற்கு இருக்கிறது என்பதை அண்மையில் நமக்கு உணர்த்தியது கடல் கடந்த ஒரு தமிழ் ஊர். தமிழ்நாட்டின் திருப்பத்தூர் மாவட்டத்தில், பாலாற்றங்கரையில் உள்ள வாணியம்பாடியே அது. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்கும் 2023ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்துக்கும் இடையில், அப்பகுதியைச் சேர்ந்தோர் சிலர் காய்ச்சல், தலைவலி, முகவீக்கம், பேச்சுக் குழறல் முதலிய குறிகளுடன் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தனர். அவர்களது மூளையையும் நரம்பையும் தாக்கியிருந்தது மெலியோய்டோசிஸ் என்னும் நோய். அந்நோய் அரிது, அது மூளையைத் தாக்குவது அதனினும் அரிது. அப்படியிருக்க, சிறு நிலப்பரப்பு ஒன்றிலிருந்து அடுத்தடுத்து நோயாளர் வந்தமை மருத்துவர்களைத் திகைக்கவைத்தது. வேலூர் மருத்துவர்களும் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தாரும் ஆராயத் தொடங்கினர். மூளையில் இந்நோய் கண்டவர் மொத்தம் 21 பேர். அவர்களுள் 10 பேர் வாணியம்பாடியிலுள்ள ஒரே பற்சிகிச்சை நிலையத்தில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேருள் எட்டுப் பேர் இறந்துபோயினர்.

கொலைக் கருவி எது? அந்நிலையத்தில் பயன்பாட்டிலிருந்த உப்பு நீர்ப் போத்தல் ஒன்றில் அந்நோயின் நுண்ணங்கி காணப்பட்டது. பல்லிலும் ஈறிலும் சிகிச்சை செய்யும்போது கழுவி விடுவதற்கு வைத்திருந்த சாதாரணச் சேலைன் போத்தல் அது. எலும்பின் மேலுறையை நெம்பும் கருவியைக் கொண்டே போத்தலின் வாயைத் திறந்து, பின் பஞ்சினால் தளர்வாக மூடி, மீண்டும் மீண்டும் அதிலிருந்தே நீர் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதை ஆய்வாளர் கண்டனர். வாயிற் புகுந்த நுண்ணங்கி முகத்து நரம்புகளின் வழியே மூளையை அடைந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இவ்வாய்வு 2025ஆம் ஆண்டில் லான்செற் குழுமத்தின் தென்கிழக்காசிய மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. அதன் பின்னரே நாளேடுகள் அச்செய்தியைப் பரவலாக எழுதின. கடைசி நோயாளரைக் கண்டதற்கும் பொதுமக்கள் செய்தியறிந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழிந்திருந்தன. இந்த இடைவெளியைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

இச்செய்தியைப் படித்து, 'எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒருவர் அசட்டையாக இருந்தார்' என்று தாளை மடித்து வைத்துவிடுவது எளிது. ஆனால் அந்தப் போத்தலைத் திறந்தவர் கொலைகாரர் அல்லர். செலவைச் சுருக்க நினைத்த, நாள்தோறும் செய்த பழக்கத்தையே அன்றும் செய்த சாதாரண மனிதர். அப்பழக்கம் அவ்வூருக்கு மட்டும் உரியதா? நமது நாட்டில், நமது மாவட்டத்தில், நாற்காலிக்கு அருகில் நிற்கும் போத்தலும் குழாயும் எந்நிலையில் உள்ளன? இக்கேள்வியைப் பகையின்றியும் பதற்றமின்றியும் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழாயினுள்ளே நிகழ்வது

பற்சிகிச்சை நாற்காலியிற் பொருத்தப்பட்ட கருவிகளுக்கு நீர் ஏன் வேண்டும் என்பதை முதலில் அறிதல் நன்று. பல்லைக் குடையும் கருவி நிமிடத்துக்கு இலட்சக் கணக்கான சுற்றுகள் சுழல்வது. அச்சுழற்சியில் எழும் வெப்பம் பல்லின் உயிர்ச் சதையைக் கருக்கிவிடும். ஆகவே இடைவிடாது நீர் தெளித்துக் குளிரவைக்க வேண்டும். அந்நீர், இரண்டு மூன்று மில்லிமீற்றர் உட்குழியே கொண்ட நெகிழ்குழாய்களின் வழியே பல அடி தூரம் வளைந்து நெளிந்து வந்து சேருகிறது.

இத்துணைச் சிறு குழாயில் நீரின் அளவு குறைவு. நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் சுவரின் பரப்போ, அந்நீரின் அளவோடு ஒப்பிட, மிக அதிகம். நீர் ஓடும்போதும் நடுவே விரைந்து ஓடுமேயன்றிச் சுவரை ஒட்டிய இடத்தில் ஏறத்தாழ அசையாதிருக்கும். மாலையிற் கடை அடைத்தபின் விடியும் வரை முழு நீரும் அசைவற்று நிற்கும். தூய குடிநீரிலும் சில நுண்ணங்கிகள் இருக்கவே செய்யும். அவற்றுட் சில இச்சுவரைப் பற்றிக்கொண்டு, தம்மைச் சுற்றி வழவழப்பான ஒரு பசையைச் சுரந்து, அதற்குள்ளே குடியமர்ந்து பெருகுகின்றன. விஞ்ஞானிகள் இதனை உயிர்ப்படலம் என்பர். பாசி பிடித்த பீலியில் விரல் வைத்துப் பார்த்த தோட்டத்துப் பிள்ளை எவருக்கும் அந்த வழுவழுப்புத் தெரியும். புதிய குழாயைப் பொருத்திய ஐந்தே நாட்களில், ஒரு மில்லிலீற்றர் நீரில் இரண்டு இலட்சம் நுண்ணங்கிகள் வரை பெருகக்கூடும் என்று ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் எடுத்துக்காட்டியுள்ளது. நகரத்துக் குடிநீர் குற்றமற்றதாக வந்து சேர்ந்தாலும், நாற்காலியின் குழாய்க்குள் புகுந்து வெளிவரும்போது அது வேறு நீர்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. 1683ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டுத் துணி வணிகரான லேவன்ஹூக், தம் பற்களின் இடையிலிருந்து சுரண்டியெடுத்த வெண்ணிற அழுக்கைத் தாமே செய்த கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்து, அதிலே எண்ணற்ற சிற்றுயிர்கள் நெளிந்தாடுவதைக் கண்டு இலண்டன் அரச கழகத்துக்கு எழுதினார். மனிதன் பற்றீரியாவை விவரித்த மிகப் பழைய குறிப்புகளுள் பல்லின் அழுக்கைப் பற்றிய இதுவும் ஒன்று எனலாம். அந்த அழுக்கும் ஓர் உயிர்ப்படலமே. அதே வகைப் படலத்தை நோயாளியின் பல்லிலிருந்து சுரண்டி அகற்றும் வைத்தியரின் கருவிக்கு நீர் கொண்டுவரும் குழாய்க்குள்ளும் அது வளர்கிறது. பல்லின் படலம் கண்ணாடியில் தெரிகிறது; குழாயின் படலம் தெரிவதில்லை. வேறுபாடு அவ்வளவே.

இது இன்று நேற்று அறிந்த செய்தியுமன்று. இங்கிலாந்தில் பிளேக் என்பவர் 1963ஆம் ஆண்டிலேயே பற்சிகிச்சைக் கருவிகளின் நீரில் நுண்ணங்கிகள் மிகுந்திருப்பதை எழுதிவைத்தார். அப்பொழுது அது ஓர் ஆராய்ச்சிக் குறிப்பாகவே நின்றுவிட்டது. 1987ஆம் ஆண்டில் அதே நாட்டில், புற்றுநோயால் உடல் தளர்ந்த இருவருக்குப் பற்கருவியின் நீரிலிருந்து சூடோமோனாஸ் என்னும் கிருமி தொற்றியது வெளியாயிற்று. 2011ஆம் ஆண்டில் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர் லெஜியனெல்லா நுரையீரல் அழற்சியால் இறந்தார். நோய் கண்ட காலத்தில் அவர் வீட்டை விட்டு வெளியே சென்றது இரண்டே முறை. இரண்டும் பல் வைத்தியரிடம். அங்குள்ள குழாய் நீரிலிருந்த கிருமியும் அவர் நுரையீரலிலிருந்த கிருமியும் ஒன்றே என்பது நிறுவப்பட்டது.

இவர்கள் முதியோர், நோயுற்றோர் என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 2015ஆம் ஆண்டிலும், கலிபோர்னியாவின் அனகைம் நகரில் 2016ஆம் ஆண்டிலும், பால்பற்களின் வேர்ச்சதைக்குச் சிகிச்சை பெற்ற சிறுபிள்ளைகள் தாடை எலும்பில் தொற்றுக் கண்டு துன்புற்றனர். அனகைமில் மட்டும் அவ்வாறு நோயுற்றோராகக் கணக்கிடப்பட்டவர் 71 பேர். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணங்கி அது; எளிதில் மருந்துக்கு அடங்காதது. பிள்ளைகள் பலர் மருத்துவமனையில் தங்கி அறுவைச் சிகிச்சைக்கு ஆளாகினர். நிலையான பற்களையும் சிலர் இழந்தனர். ஜோர்ஜியா நிலையத்தின் எல்லா நாற்காலிகளின் நீரையும் சோதித்தபோது, ஒரு மில்லிலீற்றருக்கு 500 என்ற எல்லைக்குள் இருக்க வேண்டிய நுண்ணங்கி எண்ணிக்கை, சராசரியாக 90 ஆயிரத்தைக் கடந்திருந்தது.

ஆக, வாணியம்பாடியின் போத்தலும் அனகைமின் குழாயும் வெவ்வேறு பொருள்கள் என்பது உண்மை. ஒன்று திறந்து வைத்த உப்பு நீர். மற்றது படலம் பிடித்த குழாய். ஆனால் இரண்டிலும் தவறு ஒன்றே: நீர் எனப்படுவது இயல்பாகவே தூயது என்னும் நம்பிக்கை.

நமது மண்ணும் நமது மழையும்

மெலியோய்டோசிஸ் நோயை நாம் அந்நிய நாட்டு நோயாகக் கருதுதல் கூடாது. இதனை முதன்முதலில் இனங்கண்டவர்கள் இரங்கூன் நகரில் பணியாற்றிய விற்மோர் என்னும் ஆங்கிலேயரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும் ஆவர். 1912ஆம் ஆண்டில் அவர்கள் இதைப் பற்றி எழுதினர். பதினைந்து ஆண்டுகளுக்குள், 1927இல், இலங்கையிலும் இந்நோய் பதிவாயிற்று. அந்த நோயாளி ஒரு ஐரோப்பியத் தேயிலைத் தரகர். அதன் பின்னர் நீண்ட காலம் இது நமது வைத்திய நூல்களில் அபூர்வ நோயாகவே இருந்தது. இந்த நூற்றாண்டில், கொழும்பு மருத்துவ பீடத்து நுண்ணுயிரியலாளர் முயன்று தேடத் தொடங்கியபின், தீவின் பல மாகாணங்களிலும் நோயாளர் காணப்பட்டனர். தேடாதவரை அரிதாகத் தோன்றிய நோய், தேடியபோது அரிதன்று என்று தெரிந்தது.

இந்நுண்ணங்கி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் மேலெழுவது. வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலுடன் வேலை செய்வோரையும், சிறப்பாக நீரிழிவு நோயுடையோரையும் பற்றுவது. வடித்த நீரில் உணவேதுமின்றிப் பதினாறு ஆண்டுகள் இது உயிரோடிருந்ததை ஆய்வுசாலையிற் கண்டிருக்கிறார்கள். 'காய்ச்சி வடித்த நீர்தானே ஊற்றுகிறோம்' என்று ஆறுதல் கூறும் நிலையத்தார் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். வடித்தல் நீரைத் தூய்மையாக்கும். தூய்மையைக் காத்து வைப்பது வேறு வேலை.

மாத்தளை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். சுது கங்கை நகரின் ஊடே ஓடுகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளில் எண்ணற்ற ஊற்றுகள். தோட்டங்களின் லயங்களுக்கு நீர் வருவது பெரும்பாலும் அவ்வூற்றுகளிலிருந்து இழுத்த குழாய்களிலும் பீலிகளிலும்தான். நகரில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் நீர் உண்டு. சிற்றூர்களிலோ கிணறும் ஊற்றும் கூரைமேற்றொட்டியும் பொதுவழக்கம். வடக்கே தம்புள்ளைப் பக்கம் நெல்லும் மரக்கறியும் விளையும் நிலம். சேற்றில் இறங்கி வேலை செய்யும் மக்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் கொணர்ந்த மழையும் மண்சரிவும் மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்களை எவ்வாறு குலைத்தன என்பதை எவரும் மறக்கவில்லை. அவ்வாறான காலத்தில் மண்ணும் நீரும் கலக்கின்றன, கிணறு கலங்குகிறது, குழாய் உடைகிறது, தொட்டியின் அடியிற் சேறு படிகிறது. அந்த நீர், வீட்டுக் குடத்துக்குச் செல்வதுபோலவே, வீதியோரச் சிகிச்சை நிலையத்தின் தொட்டிக்கும் செல்கிறது. வீட்டில் தாய் அதனைக் கொதிக்கவைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். நாற்காலியின் குழாய்க்கு யார் கொதிக்கவைத்துக் கொடுப்பது?

குடிநீருக்கு நம் நாட்டில் நிர்ணயம் உண்டு. இலங்கைத் தரக் கட்டளைகள் நிறுவனத்தின் 614ஆம் இலக்கத் தரம் அதற்கென்றே வகுக்கப்பட்டது. தனியார் சிகிச்சை நிலையங்களைப் பதிவு செய்வதற்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் ஒழுங்குபடுத்தும் சபையும் இருக்கிறது. பேராதனையில் பல தலைமுறைப் பல் வைத்தியரை உருவாக்கிய பீடம் இருக்கிறது. மகரகமையில் பயின்று பாடசாலைகளுக்குச் சென்று சிறுவர் பற்களைக் காக்கும் சிகிச்சையாளர் படை ஒன்று, கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து நாடு உதவிய காலந்தொட்டு நமக்குண்டு. ஏழை நாடுகள் பல பொறாமைப்படத்தக்க அமைப்பு இது. குறை அமைப்பில் இல்லை. தெருக் குழாயின் வாய்வரை வரும் நீரைக் கவனிக்கும் கண், நோயாளியின் வாய்வரை அதைத் தொடர்ந்து செல்லாமல் இடைநடுவில் நின்றுவிடுகிறது. அந்த இறுதிச் சில அடிகளிலேதான் படலம் வளர்கிறது.

செலவு யாருடையது?

இங்கே நேர்மையுடன் ஒன்றைச் சொல்ல வேண்டும். உலகெங்கும் நாள்தோறும் கோடிக்கணக்கானோர் பல் வைத்தியரிடம் செல்கின்றனர். நீரினால் நோயுற்றதாக நிறுவப்பட்டோர் மிகச் சிலர். உடல் நலமுள்ள ஒருவருக்கு இந்நீரால் வரும் தீங்கு பெரும்பாலும் ஒன்றுமில்லை. இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரேனும் சீழ் பிடித்த பல்லுடன் வீட்டிலிருப்பாராயின், அவர் சிறிய ஆபத்துக்கு அஞ்சிப் பெரிய ஆபத்தைத் தேடிக்கொள்பவர் ஆவார். கவனியாது விட்ட பற்சீழ் கழுத்துக்கும் இரத்தத்துக்கும் பரவி உயிரைக் குடித்ததுண்டு. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் புகழ்ந்த நம் முன்னோர் பல்லைக் காக்கத்தான் சொன்னார்களேயன்றி, நோய் கண்ட பல்லை மறைத்து வைக்கச் சொல்லவில்லை.

ஆயின், 'மிகச் சிலர்' என்ற சொல்லுக்குள்ளே மறைந்து கிடக்கும் மற்றொன்றையும் எண்ண வேண்டும். பல்லுக்குச் சிகிச்சை பெற்றுப் பத்து நாட்களின் பின் காய்ச்சல் கண்ட ஒருவர், பல்லையும் காய்ச்சலையும் இணைத்துப் பார்ப்பாரா? வேறொரு வைத்தியசாலையிற் சேரும் அவரிடம், 'அண்மையிற் பல்லுக்கு மருந்து செய்தீரா?' என்று கேட்பவர் யார்? வாணியம்பாடியில் இந்தத் தொடர்பு வெளிப்பட்டது, ஒரே பகுதியார் ஒரே பெரிய மருத்துவமனைக்குச் சென்றமையாலும், அங்கே கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வுகூடமும் சந்தேகிக்கும் மனமும் இருந்தமையாலுமே. அவை இல்லாத இடத்தில் அதே பத்துப் பேரும் பத்து வெவ்வேறு காய்ச்சல்களால் இறந்தவர்களாகப் பதிவாகியிருப்பர். எண்ணிக்கை சிறிதாக இருப்பதற்கு ஆபத்தின் சிறுமை ஒரு காரணம். நாம் எண்ணாதிருப்பது மற்றொரு காரணம்.

தீர்வு கடினமன்று. அறுவைச் சிகிச்சைக்கும் எலும்பு திறக்கும் வேலைக்கும் குழாய் நீரைத் தொடவே கூடாது. கிருமி நீக்கிய நீரை, கிருமி நீக்கிய கருவியின் வழியே, ஒரு நோயாளிக்கு ஒரு போத்தல் என்ற கணக்கில் பயன்படுத்திவிட்டு எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பிற சிகிச்சைகளுக்கு வரும் நீர், குடிநீருக்குரிய அளவான மில்லிலீற்றருக்கு 500 நுண்ணங்கிகள் என்ற எல்லையைத் தாண்டாதிருக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளியும் எழுந்தபின் இருபது முப்பது விநாடி நீரையும் காற்றையும் வெளியே பாய்ச்ச வேண்டும். முந்தையவரின் வாயிலிருந்து பின்வாங்கிக் குழாய்க்குட் சென்றதை அது வெளியேற்றும். ஆனால் பாய்ச்சுவதால் மட்டும் படலம் பெயராது; அதற்கெனத் தகுந்த கிருமிநாசினியைக் கருவி செய்தவர் கூறும் முறைப்படி இட வேண்டும். இட்டது பலித்ததா என்பதைக் காலந்தோறும் நீரைச் சோதித்து அறிய வேண்டும்.

இவற்றில் எதுவும் பெருஞ் செலவன்று. எதுவும் இலவசமும் அன்று. பெரிய போத்தல் ஒன்றைத் திறந்து நாள் முழுவதும் பத்துப் பேருக்குப் பகிர்ந்தால் மலிவு. பத்துச் சிறு போத்தல்களைத் திறந்தால் விலை. கிருமிநாசினி விலை, சோதனை விலை. கொழும்பின் குளிரூட்டிய நிலையத்துக்குச் செல்பவரின் கட்டணத்தில் அது மறைந்துபோகும். பல்லைப் பிடுங்க எவ்வளவு என்று வாசலில் நின்று விலை கேட்கும் தோட்டத் தொழிலாளியின் கட்டணத்தில் அது மறையாது. பாதுகாப்பின் செலவை நோயாளியின் தலையிலே சுமத்தினால், பணமுள்ளவனுக்கு ஒரு நீரும் பணமற்றவனுக்கு வேறொரு நீருமாக முடியும். அரசு வைத்தியசாலைகளில் கிருமி நீக்கிய நீர் தட்டுப்பாடின்றிக் கிடைக்கவும், சிற்றூர் நிலையங்கள் குறைந்த செலவில் நீரைச் சோதிக்கவும் மாவட்ட மட்டத்தில் வழிசெய்வதே அரசின் கடமை. நகரத்துக் குடிநீரைச் சோதிக்கும் கைகளுக்குப் பல் வைத்தியரின் குழாய் நீரைச் சோதிப்பது புதிய வித்தையன்று.

இனி, நாம் முன்பு விட்டுவந்த இடைவெளிக்கு வருவோம். எட்டு உயிர்கள் போன செய்தி, ஆய்வேட்டில் அச்சாகும் வரை ஊரவரை எட்டவில்லை. ஆய்வாளர் தம் பணியை வழுவறச் செய்தனர். ஆய்வேட்டின் நடைமுறைக்குக் காலம் செல்லும் என்பதும் உண்மை. ஆயினும் வாணியம்பாடியில் நடந்ததைக் கேட்டுத் திருந்தியிருக்கக்கூடிய நூற்றுக் கணக்கான நிலையங்கள், அந்த இரண்டாண்டும் அறியாமையிலே இருந்தன. மக்களிடையே பீதி எழும் என்ற அச்சத்தினால் செய்தியை அடக்குவது அதிகாரிகளின் பழைய வழக்கம். ஆனால் பீதி பிறப்பது அறிந்ததனாலன்று, அரைகுறையாக அறிந்ததனால். நோய் இன்னது, வந்த வழி இன்னது, தடுக்கும் முறை இன்னது என்று மூன்றையும் ஒருங்கே சொல்லும் அரசாங்கத்தை மக்கள் நம்புவர். நமது நாட்டில் அத்தகைய ஒன்று நிகழுமானால், செய்தி நம்மை எத்தனை நாளில் வந்தடையும் என்பதை இன்றே கேட்டு வைப்பது நல்லது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதிலொரு பங்குண்டு. பாடசாலையில் நுண்ணங்கி என்னும் பாடத்தை நாம் படத்தின் மூலம் கற்பிக்கிறோம். பாசி படிந்த பீலியையும் பல்லின் அழுக்கையும் காட்டிக் கற்பித்தால் அது வாழ்நாளில் மறக்காது. பல் வைத்தியரிடம் செல்லும் எவரும் பணிவோடு இரண்டு கேள்விகள் கேட்கலாம்: 'இந்தக் குழாய்க்கு மருந்திட்டுச் சோதிப்பதுண்டா, ஐயா? பல் பிடுங்கும்போது புதிய போத்தல் திறப்பீர்களா?' நல்ல வைத்தியர் இதனால் சினங்கொள்ளார். தம் கவனத்தை ஒருவர் மதித்தார் என்று மகிழ்வார். படித்தவர்கள் கேட்கத் தொடங்கினால், கேட்கத் துணியாத தோட்டத்துத் தாய்க்கும் அதன் பயன் கிடைக்கும். ஏனெனில் நாற்காலி ஒன்றே, குழாய் ஒன்றே.

மாத்தளை நகரை அடுத்து அளுவிகாரை இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், பஞ்சமும் போரும் நாட்டை வாட்டிய காலத்தில், அதுவரை வாய்மொழியாக வந்த புத்த தருமத்தை நினைவை மட்டும் நம்பிக் காக்க முடியாது என்று உணர்ந்த துறவிகள், அங்கே கூடி அதனை ஏட்டில் எழுதி வைத்தனர் என்பது வரலாறு. நல்லெண்ணத்தில் அவர்களுக்குக் குறைவில்லை, நினைவாற்றலிலும் குறைவில்லை. எனினும் எழுதினார்கள். நம் சிகிச்சை நிலையங்களிலும் நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. இன்று குழாயைப் பாய்ச்சினோம், இந்த நாளில் மருந்திட்டோம், இந்த நாளில் சோதித்தோம், இந்தப் போத்தலை இத்தனை மணிக்குத் திறந்து இத்தனை மணிக்குக் கொட்டினோம் என்று ஒவ்வொரு நாற்காலியின் அருகிலும் ஒரு சிறு குறிப்பேடு தொங்கட்டும். எழுத வேண்டும் என்ற கட்டாயமிருந்தால் செய்ய வேண்டும் என்ற நினைவும் இருக்கும். வாணியம்பாடியின் அந்தப் போத்தலின்மேல் அது திறக்கப்பட்ட நேரத்தை ஒருவர் எழுதியிருந்தால், மறுநாள் அதை எடுக்க நீண்ட கை சற்றே தயங்கியிருக்கும்.